காற்றுக்கு ஒரு வழி, ஈரத்துக்கு ஒரு வழி

(சிவகாசி வட்டாரக் காளான் வளர்ப்போர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காளானைப் பற்றிப் பேச சிவகாசிக்கு வந்திருக்கிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "மழை பெய்தால் கவலைப்படுகிற ஊர் அது. அங்கே போய் ஈரத்தில் முளைக்கிற பொருளைப் பற்றிப் பேசப் போகிறாயா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழிலும் அதன் பின்னால் வந்த பட்டாசும் இந்த மண்ணில் வேர் பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இங்குள்ள வறண்ட காற்று. தீக்குச்சி காய வேண்டும், காகிதக் குழாய் காய வேண்டும், மருந்து நமத்துப்போகக் கூடாது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும் என்பது இந்த அவையில் பலருக்கு நான் சொல்லாமலே தெரியும்.

ஆனால் இதே மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. 1974இல் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த புர்காயஸ்தா, சந்திரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வெள்ளைக் காளானுக்குக் கலோசைப் இண்டிகா என்று அறிவியல் பெயர் வைத்து விவரித்தார்கள். பல ஆண்டுகள் அது ஆய்வேட்டில் மட்டுமே இருந்தது. அதை உழவர் கையில் கொடுக்கக்கூடிய பயிராக மாற்றியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஏ.எஸ். கிருஷ்ணமூர்த்தியின் பணி அதில் முதன்மையானது. 1998இல் அந்தக் காளான் ஏபிகே 2 என்ற ரகமாக வெளிவந்தது. ஏபிகே என்பது வேறு எந்த ஊருமில்லை, நம் அருப்புக்கோட்டைதான். இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் வளர்க்கிற பால் காளான், வணிகப் பயிராக நம் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிப் புறப்பட்டது. பட்டன் காளானுக்கு மலைக் குளிர் வேண்டும். சிப்பிக் காளான் 25 டிகிரி சுற்றுவட்டாரத்தில் சுகமாக இருக்கும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும், அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கும். ஆக, வெயில் நமக்குத் தடையில்லை. வறட்சிதான் சிக்கல். அந்தச் சிக்கலும் வெளியில் தெரிவது வறட்சியாக அல்ல, காற்றோட்டக் குறையாக. இன்று நான் பேசப்போவது அந்த ஒரு செய்தியைப் பற்றித்தான்.

பிளாஸ்டிக் டப்பில் காளான் வளர்ப்பது இப்போது பரவி வருகிறது. தோட்டமும் கொட்டகையும் இருப்பவர்கள் பாலித்தீன் பையில் உருளைப் படுக்கை கட்டித் தொங்கவிடுகிறார்கள். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் போன்ற ஊர்களில் சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு டப் வசதி. 50 லிட்டர் டப் ஒன்று அலமாரியில் அடங்கும், கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம், எலி கடிக்காது. வைக்கோலை ஓரங்குல, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, அடுக்கடுக்காக வித்துப் போட்டு மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரத்தில் வெள்ளை இழை டப் முழுக்கப் பரவிவிடும். பால் காளான் என்றால் அதன்மேல் வேகவைத்த மண்ணை ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். இதைத்தான் கேசிங் போடுவது என்கிறோம். இதுவரை யாருக்கும் பெரிய தொல்லை வருவதில்லை. மொட்டு விட்ட பிறகுதான் போன் அடிக்கிறார்கள்.

என்ன சொல்வார்கள்? "சார், தண்டு மட்டும் நீளமாப் போகுது, குடை விரியவே மாட்டேங்குது." இதோ, என் கையில் இரண்டு காளான் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வித்துப் போட்ட படுக்கைகளில் வந்தவை. வலது கையில் இருப்பது திறந்த டப்பில் வந்தது. குடை என் உள்ளங்கையை மறைக்கிறது, தண்டு அளவாக இருக்கிறது. இடது கையில் இருப்பது மூடிய டப்பில் வந்தது. தண்டு மொத்தமாக வீங்கி நீண்டிருக்கிறது, உச்சியில் குடை சட்டைப் பொத்தான் அளவுதான். அடியில் பாருங்கள், தண்டின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை இழை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. இது நோயில்லை, வித்தின் குற்றமுமில்லை. மூச்சு முட்டியதன் அடையாளம்.

காளானின் வாழ்க்கை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அது வைக்கோலுக்குள் இழையாகப் பரவுகிறது. அப்போது கரியமில வாயு எவ்வளவு சேர்ந்தாலும் அதற்குப் பெரிய பொருட்டில்லை. காட்டில் மக்கிய மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் அப்படித்தானே வாழ்கிறது! இரண்டாம் கட்டம் காய்ப்பு. குடையின் வேலை விதைத்தூளைக் காற்றில் பறக்கவிடுவது. கரியமில வாயு மிகுந்திருந்தால், தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே காளான் கணக்குப் போடுகிறது. வெளியே வரத் தண்டை நீட்டுகிறது, குடையை விரிக்காமல் வைத்துக்கொள்கிறது. ஜப்பானியர்கள் இந்தக் குணத்தையே லாபமாக்கினார்கள். எனோகி என்ற காளானைப் புட்டியில் வளர்த்து, வாயைச் சுற்றி ஒரு தாள் வளையம் மாட்டி, கரியமில வாயுவைத் தேங்கவைக்கிறார்கள். அதனால்தான் அது நூல் நூலாக நீண்டு, குண்டூசித் தலை அளவு குடையோடு கடைக்கு வருகிறது. அவர்கள் வேண்டுமென்று செய்வதை நாம் வேண்டாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, ஒரு டப்புக்கு எவ்வளவு காற்று வேண்டும்? தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. இதை 420 பிபிஎம் என்போம். காய்ப்புக் காலத்தில் அது 1,000க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஒரு டப்பில் உலர் எடையில் ஒரு கிலோ வைக்கோல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 45, 50 நாள் ஓட்டத்தில் அதில் கால் பங்கை இழை எரித்துவிட்டால் 250 கிராம், அதாவது நாளுக்கு 5 கிராம். ஒரு கிராம் வைக்கோல் எரிந்தால் ஏறத்தாழ 800 மில்லி கரியமில வாயு வரும். 5 கிராமுக்கு நாளுக்கு 4 லிட்டர், மணிக்கு 165 மில்லி. டப்பில் படுக்கைக்கு மேலே 25 லிட்டர் காலி இடம் இருக்கிறது என்றால், 420இலிருந்து 1,000ஐத் தொட 15 மில்லி கரியமில வாயு போதும். அதற்கு ஆகும் நேரம் ஐந்தாறு நிமிடம்!

இந்தக் கணக்கை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் மூடியைத் திறந்து அட்டையால் விசிறிவிட்டு மூடுகிறவர்கள் நம்மில் நிறைய. விசிறுவது நல்லதுதான், ஆனால் மூடிய ஐந்தாறு நிமிடத்தில் பழைய கதைதான். 1,000க்குள் நிறுத்த வேண்டுமானால் மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் புதுக்காற்று அந்த 25 லிட்டர் இடத்துக்குள் வந்து போக வேண்டும். மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டும் என்று அர்த்தம். அதை விசிறியால் செய்ய முடியாது. இரவும் பகலும் தானாக நடக்கிற வழி வேண்டும். வழி என்றால் துளை.

துளை போட்டதும் நம் ஊரின் குணம் வேலையைக் காட்டும். சித்திரை மதியம் வெளியே 38 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 14 கிராம் நீராவிதான் இருக்கும். டப்புக்குள் 30 டிகிரியும் 90 சதவீதமும் இருந்தால் 27 கிராம். ஆகவே வருகிற ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 13 கிராம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. மணிக்கு 300 லிட்டர் என்றால் 4 கிராம். நாள் முழுக்க அதே வறட்சி இருந்தால் அரை டம்ளர் தண்ணீர். படுக்கைக்குள் இருப்பதே சுமார் 1.8 லிட்டர். இழப்பு எல்லா இடத்திலும் சமமாக நடந்தாலாவது பரவாயில்லை. ஆனால் முதலில் காய்வது மேல்மண், மொட்டு உட்கார்ந்திருக்கிற இடம். மொட்டு பழுப்பேறிச் சுருங்கிக் கருகுகிறது. பதறிப்போய்த் துளையை டேப் ஒட்டி அடைக்கிறார்கள். மறுபடியும் தண்டு நீள்கிறது. திறந்தால் காய்கிறது, மூடினால் முட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடிக்கிறார்கள். காற்று அசையாத இடத்தில் குடையின் மேல் தண்ணீர் நின்றால் பாக்டீரியா வந்து மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழுந்து வழுவழுத்துப் போகும். மண் சொதசொதத்தால் பச்சைப் பூசணம் பிடிக்கும்.

முட்டுச்சந்துபோலத் தெரிகிற இதற்கு வழி ஒன்றுதான். ஈரத்தை டப்புக்குள் தேடாதீர்கள். டப்புக்கு வெளியே இருக்கிற காற்றை ஈரமாக்குங்கள். டப்பு நிற்கிற மூலையில் 30 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருந்தால், அதே அளவு காற்று போய்வந்தாலும் நீர் இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 85 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். அப்போது துளையைப் பெரிதாகப் போடலாம், மூடியையே எடுத்துவிடலாம். ஈரத்தைக் காப்பது அறையின் வேலை, காற்றை விடுவது டப்பின் வேலை. இரண்டு வேலையையும் ஒரே துளையின் தலையில் கட்டக் கூடாது.

பால் காளானுக்குப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த குடிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தரையில் பள்ளம் தோண்டி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி அறை அமைத்து, மேலே நீல நிற சில்பாலின் விரித்து, தரையில் மணல் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். மண் சுவர் குளிர்ச்சி தரும், மணல் ஈரம் தரும், வெளிச்சமும் கிடைக்கும். படுக்கை அதற்குள்ளே வாய் திறந்தபடி இருக்கும். நகரத்து வீட்டில் பள்ளம் தோண்ட முடியாது. ஆனால் அந்தத் தத்துவத்தைக் குறுக்கிக்கொள்ளலாம்.

செய்முறையைச் சொல்கிறேன். வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த ஒரு மூலை, வெயில் நேரே படாத இடம். இரும்பு அலமாரி ஒன்று. அதன் கீழே பழைய தட்டில் மணல் பரப்பி நனைத்துவையுங்கள். மூன்று பக்கமும் சணல் சாக்கைத் தொங்கவிட்டு, மேலே ஒரு துளையிட்ட குழாய் வழியாகவோ கையாலோ நாளுக்கு மூன்று நான்கு முறை நனையுங்கள். சாக்கின் அடியில் நாலு விரற்கடை இடைவெளி, மேலேயும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். முழுக்க மூடிவிட்டால் அலமாரியே பெரிய டப்பாகிவிடும்.

இங்கேதான் நம் வறட்சி நமக்கு உதவுகிறது. 38 டிகிரி, 30 சதவீதக் காற்று ஈரச் சாக்கில் நன்றாகத் தோய்ந்து வந்தால் 24 டிகிரி பக்கம் வரை குளிரக்கூடும். சாக்குத் திரையில் அவ்வளவு கிடைக்காது, ஐந்தாறு டிகிரி குறைந்தாலே போதும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றே ஈரமாக இருப்பதால் இந்தக் குளிர்ச்சி கிட்டாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி டப்புக்குள் வைக்காமல் அலமாரியில் மாட்டுங்கள். நீங்கள் சரிசெய்ய வேண்டிய எண் அங்கேதான் இருக்கிறது.

இனி டப். அதில் துளை எங்கே போடுவது? கரியமில வாயு கனமானது, அடியில் தேங்கும், அதனால் அடியில் துளை போட்டால் ஒழுகிப் போய்விடும் என்று ஒரு கருத்து உலவுகிறது. வாயு கனமானது என்பது உண்மை. ஆனால் டப்புக்குள் இருப்பது நூற்றுக்கு ஒன்று கூட இல்லாத கலப்பு. அந்த அளவுக்கு வரும் கனத்தை நீராவி ஈடுகட்டிவிடும், ஏனென்றால் ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது. காற்றை நகர்த்துவது பெரும்பாலும் சூடும் வெளிக்காற்றின் அசைவும்தான்.

பேசிக்கொண்டே இருப்பதைவிடக் காட்டிவிடுகிறேன். சிவகாசியில் மேடையேறித் தீக்குச்சி உரசுவதற்கு முன் அரங்கக் காப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பயப்படாதீர்கள்! இந்த டப்பில் படுக்கை மட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு துளை, மூடிக்குக் கீழே இரண்டு துளை. கீழ்த் துளையருகே ஊதுபத்தியைப் பிடிக்கிறேன். புகை வளைந்து உள்ளே போகிறது, தெரிகிறதா? மேல் துளையருகே பிடித்தால் வெளியே தள்ளுகிறது. படுக்கை வேலை செய்யும்போது சூடாகிறது, காற்று மேலே ஏறுகிறது. ஆனால் வறண்ட மதியத்தில் ஈரம் ஆவியாகி டப்பு அறையைவிடக் குளிர்ந்திருந்தால் இதே புகை தலைகீழாக ஓடும், மேலே நுழைந்து கீழே வெளியேறும். எந்தப் பக்கம் ஓடினாலும் பரவாயில்லை, ஓட வேண்டும். அதற்கு இரண்டு மட்டத்திலும் துளை வேண்டும். எல்லாத் துளையும் ஒரே உயரத்தில் இருந்தால் புகை அப்படியே நிற்கும், அதையும் வீட்டில் சோதித்துப் பாருங்கள். காளானுக்கு வாசனை வேண்டியதில்லை, ஒரு நிமிடம் போதும். வெடிமருந்தோ திரியோ வைத்திருக்கிற இடத்தின் பக்கத்தில் மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது.

துளை ஓரங்குல விட்டம் இருக்கட்டும். வித்துப் பரவுகிற இரண்டு வாரமும் அதில் ஈரம் உறிஞ்சாத பஞ்சை இறுக்கமாக அடையுங்கள். வித்துப் புட்டியின் வாயை அடைக்கிற அதே பஞ்சு. மருந்துக்கடையில் கிடைக்கிற வெள்ளைப் பஞ்சும், சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியும் தண்ணீரை இழுப்பதற்கென்றே செய்தவை. அவை நனைந்தால் துளை அடைந்த கணக்குதான். கேசிங் போட்டு எட்டுப் பத்து நாளில் மொட்டு தலைகாட்டும். அன்றைக்கே பஞ்சை எடுத்துவிட்டு, கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலையை ஒட்டுங்கள். மூடியைக் கழற்றி அதே வலையை மேலேயும் கட்டுங்கள். வலை இல்லாமல் விட்டால் சின்னஞ்சிறு காளான் ஈ உள்ளே போய் முட்டையிடும், புழு தண்டைக் குடையும். வலை நெருக்கமாக ஆக ஆகக் காற்றும் குறையும். அதனால் சின்னத் துளையில் நெருக்கமான வலையைவிட அகன்ற வாயில் வலை கட்டுவது மேல். தண்ணீரை மண்ணின் மேல் பனிபோலத் தெளியுங்கள், குடையின் மேல் தேங்கவிடாதீர்கள், தெளித்த பிறகு மூடாதீர்கள்.

பருவத்துக்குப் பருவம் இது மாறும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசுகிற காற்று துணியைப் பத்து நிமிடத்தில் உலர்த்திவிடும். அப்போது மேற்குப் பக்கச் சாக்கை இரட்டையாகப் போட்டு, டப்பின் மேற்குத் துளையை மட்டும் பஞ்சால் பாதி அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அறைக்காற்றே ஈரமாக இருக்கும். சாக்கைச் சுருட்டிவிடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். சித்திரையில் நன்றாக வந்த முறையை அப்படியே கார்த்திகையிலும் செய்தால் புள்ளி நோய்தான் மிச்சம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். டப்பிலிருந்து வெளியேறும் காற்று அறைக்குள்தான் வருகிறது. மூன்று பேர் படுத்துறங்கும் மூடிய அறையில் விடிவதற்குள் காற்று தானாகவே 1,000 பிபிஎம்மைத் தாண்டிவிடும். அங்கே டப்பு வைத்தால் எத்தனை துளை போட்டும் பயனில்லை. உங்களுக்கும் நல்லதில்லை. குடை முழுக்க விரிந்த சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத விதைத்தூளைக் கொட்டும். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வருவது உலகம் முழுக்கக் காளான் தொழிலாளர்களிடம் அறிந்த விஷயம். இந்த அவையில் பலருடைய நுரையீரல் ஏற்கெனவே மருந்துத் தூசியைப் பார்த்தது. குடை ஓரம் விரியத் தொடங்கும்போதே பறித்துவிடுங்கள், பறிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் சிப்பியைவிட்டுப் பால் காளானுக்கு வந்தாலும் முகக்கவசத்தை விடாதீர்கள். வீட்டில் காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் அந்தக் காகிதத்தையும் காளானையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். ஈரம் காகிதத்தைக் கெடுக்கும், காகிதத் தூசி படுக்கைக்கு ஆகாது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விழுந்த பிறகு, இங்கே பல வீடுகளில் இரண்டாவது வருமானத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியது. காளான் அதற்கு ஒரு விடை, ஒரே விடை அல்ல. ஐந்து டப்பில் யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை. அறுவடை செய்த அன்றோ மறுநாளோ விற்றுத் தீர்க்க வாடிக்கை பிடிப்பது வளர்ப்பதைவிடக் கடினம். சிப்பியைவிடப் பால் காளான் அதிக நேரம் வாடாமல் இருக்கும் என்பது நமக்குச் சாதகம். வைக்கோலுக்கு வத்திராயிருப்பும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன.

முதல் தடவை இரண்டே டப் போடுங்கள். ஒன்றை நீங்கள் இதுவரை செய்தபடி மூடிவையுங்கள், இன்னொன்றை ஈரச் சாக்கு அலமாரியில் வாய் திறந்து வையுங்கள். வித்து ஒன்று, வைக்கோல் ஒன்று, நாள் ஒன்று. அறுவடையில் இரண்டையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். என் கணக்கை நம்ப வேண்டாம், தராசு சொல்வதை நம்புங்கள். குடை விரிந்த டப்பின் எடை கூடுதலாக இருந்தால், அடுத்த ஓட்டத்துக்குச் செலவு செய்யும்போது புது டப் வாங்காதீர்கள், பத்துச் சாக்கு வாங்குங்கள்.